தோட்டத்துக் காற்றாலையும் ஒரு சிறு விளக்கும்

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் முன்னோர் வழக்கு. நெல் தூற்றும் களத்தில் பிறந்த சொல் அது. இன்று நம்மில் பலர் களத்தைக் கண்டதில்லை. ஆனால் காற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

வீடமைப்புப் பகுதிகளில் முன்வாசல் தோட்டத்தை அழகுபடுத்துவோர் சிலர், பூச்செடிக் கடைகளில் கிடைக்கும் அலங்காரக் காற்றாலையை வாங்கி நட்டு வைக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பிச் சட்டம், அதன் உச்சியில் பதினைந்து இருபது தகர இதழ்கள் கொண்ட சக்கரம், காற்றின் திசைக்குத் திரும்ப ஒரு வால் தகடு. 'சும்மாதானே சுற்றுகிறது, இதிலிருந்து கரண்டு எடுக்க முடியாதா?' என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. மின்பொறியியல் பயின்றவன் என்பதால் இக்கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளும் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. 'தாராளமாக முடியும், மின்கட்டணம் மிச்சமாகும்' என்பது ஒன்று. 'வேண்டாத வேலை' என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்லப்படுபவை. ஓர் அலங்காரக் காற்றாலை எவ்வளவு மின்சாரம் தரும், அதை எப்படி எடுப்பது, அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அழகுப் பொருளின் பூர்வீகம்

நம் தோட்டத்தில் நிற்பது உண்மையில் ஒரு வேலைக்காரனின் பொம்மை வடிவம். 1854ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேனியல் ஹாலடே என்பவர் தானாகவே காற்றுக்குத் திரும்பும் காற்றாலை ஒன்றை வடிவமைத்தார். அதன் வழிவந்த பல இதழ்ச் சக்கரங்கள் அமெரிக்கப் பண்ணைகளில் கிணற்று நீரை இறைத்தன. தண்ணீர் இறைக்கும் பம்பை அசைப்பதற்கு வேகம் தேவையில்லை, வலு தேவை. இதழ்கள் அதிகமாக இருந்தால் மெல்லிய காற்றிலும் சக்கரம் வலுவாகத் திரும்பும். பல இதழ் வடிவத்துக்குக் காரணம் இதுதான்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி அதன் பிறகு வந்தது. 1887ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்னும் பேராசிரியர் தம் விடுமுறை இல்லத்துத் தோட்டத்தில் ஒரு காற்றாலையை அமைத்து, மின்கலங்களில் மின்னூட்டம் ஏற்றி, வீட்டுக்கு விளக்கேற்றினார். தோட்டத்துக் காற்றாலையில் விளக்கு எரிக்கும் எண்ணம் நமக்குப் புதிதாக வந்ததல்ல என்பது இதனால் தெரிகிறது. அடுத்த ஆண்டே, அதாவது 1888இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் 144 இதழ்களும் ஏறத்தாழ 17 மீட்டர் விட்டமும் கொண்ட மாபெரும் சக்கரத்தை நிறுவினார். அதன் மின்னாக்கி, அதாவது ஜெனரேட்டர், 12 கிலோவாட் தரவல்லது.

இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. நம் தோட்டச் சக்கரத்தின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பிரஷின் சக்கரம் காற்றை எதிர்கொண்ட பரப்பு இதைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. 12,000 வாட்டை 800ஆல் வகுத்தால் வருவது 15 வாட். அதாவது, பிரஷின் இயந்திரத்தை அப்படியே சுருக்கி நம் தோட்டத்தில் வைத்தாலும், நல்ல பலத்த காற்றில் 15 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை.

பிறகு 1891 முதல் டென்மார்க்கில் ஆய்வு செய்த பவுல் லா கூர், மின்சாரத்துக்கு விரைவாகச் சுழலும் சில இதழ்களே ஏற்றவை என்று காட்டினார். இன்றைய பெரிய காற்றாலைகள் மூன்றே இதழ்களோடு நிற்பது இவ்வழியில்தான். ஆக, நாம் மின்சாரம் கேட்கப் போவது நீர் இறைப்பதற்காகப் பிறந்த ஒரு வடிவத்திடம். இதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

காற்றில் இருப்பது எவ்வளவு?

காற்றில் உள்ள திறனைக் கணக்கிடும் சூத்திரம் எளிமையானது.

திறன் = ½ × காற்றின் அடர்த்தி × சக்கரத்தின் பரப்பு × வேகம் × வேகம் × வேகம்

வேகம் மூன்று முறை பெருக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காற்றாலை பற்றிய எல்லா மகிழ்ச்சியும் ஏமாற்றமும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன.

60 சென்டிமீட்டர் சக்கரத்தின் பரப்பு 0.283 சதுர மீட்டர். நம் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோகிராம். இந்தக் காற்று முழுவதையும் நாம் பிடித்துவிட முடியாது. பிடித்தால் சக்கரத்துக்குப் பின்னால் காற்று நின்றுபோகும், புதிய காற்று உள்ளே வர வழியிராது. எவ்வளவு சிறந்த காற்றாலையும் காற்றின் திறனில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் வகுத்த எல்லை. தட்டையான தகர இதழ்கள் 12 விழுக்காடு எடுத்தாலே நல்லது. அதை மின்சாரமாக மாற்றும்போது சிறிய மின்னாக்கியிலும் டையோடுகளிலும் பாதிக்கு மேல் வீணாகும். எனவே முடிவில் நம் கைக்கு வருவது காற்றின் திறனில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டிருக்கிறேன்.

வினாடிக்கு 2 மீட்டர் வேகம்: காற்றில் 1.3 வாட், கைக்கு 0.06 வாட்
வினாடிக்கு 3 மீட்டர் வேகம்: காற்றில் 4.4 வாட், கைக்கு 0.2 வாட்
வினாடிக்கு 4 மீட்டர் வேகம்: காற்றில் 10.5 வாட், கைக்கு 0.5 வாட்
வினாடிக்கு 5 மீட்டர் வேகம்: காற்றில் 20.5 வாட், கைக்கு 1 வாட்

நம் மண்ணின் காற்று

மேலே கண்ட வேகங்களில் எது நமக்கு வாய்க்கும்? மலேசியாவில் காற்று பொதுவாக மென்மையானது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது கிழக்குக் கரையில் 10 முதல் 20 நாட் வரை, அதாவது வினாடிக்கு 5 முதல் 10 மீட்டர் வரை காற்று கிடைக்கும். மற்ற கடலோரங்களில் வெயில் நாளின் பிற்பகலில் கடற்காற்று உதவும். உள்நாட்டு நகரங்களில், சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில், நிலைமை வேறு. சிங்கப்பூரிலும் சராசரிக் காற்று வழக்கமாக வினாடிக்கு 2.5 மீட்டருக்குக் குறைவு. பலத்த காற்றும் கடலும் சேர்ந்த இடங்களைத் தேடித்தான் இங்குப் பெரிய முயற்சிகளும் நடந்தன. 2007ஆம் ஆண்டு திரங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவில் தலா 100 கிலோவாட் திறனுள்ள 2 காற்றாலைகள், சூரியத் தகடுகளோடும் டீசல் இயந்திரத்தோடும் இணைத்து நிறுவப்பட்டன.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது 10 மீட்டர் உயரத்தில். நம் காற்றாலை நிற்பது 2 மீட்டர் உயரத்தில். வேலியும் செடியும் சுவரும் காற்றைத் தடுப்பதால், மேலே 3 மீட்டர் வேகமுள்ள காற்று கீழே 2 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும். திறனோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காற்றாலையை மல்லிகைப் பந்தலுக்குப் பக்கத்தில் வைப்பதைவிடத் திறந்த மூலையில் வைப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

ஓர் ஆறுதலும் உண்டு. சராசரி வேகத்தை வைத்து மட்டும் கணக்கிட்டால் விடை குறைவாகவே வரும். ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் 1 மீட்டர் வேகமும் மீதி நேரம் 5 மீட்டர் வேகமும் இருந்தால் சராசரி 3. அதன் முப்படி 27. ஆனால் 1, 125 ஆகிய இரு முப்படிகளின் சராசரி 63. விட்டு விட்டு வீசும் காற்று, ஒரே சீராக வீசும் காற்றைவிட அதிகம் தருகிறது. ஆகவே காற்றடிக்கும் அந்தச் சிறு நேரத்தில் சேமித்துக்கொள்வதே நம் வேலை. தூற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் கணக்கறிந்துதான் சொன்னார்கள் போலும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கடலோரத் தோட்டம் ஒன்றில் இரவும் பகலும் சேர்ந்த சராசரி 0.1 வாட் என்பதே தாராளமான கணக்கு. உள்நாட்டில் அதிலும் குறையும். மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் எரிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இக்காற்றாலை மாதம் தருவது 0.072 யூனிட். அந்த வீட்டின் ஒரு மாதத் தேவையை ஈட்ட இதற்கு ஏறத்தாழ 347 ஆண்டுகள் ஆகும். மின்கட்டணத்தைக் குறைக்கும் என்று சொல்லி யாராவது சிறு காற்றாலையை விற்க வந்தால், சக்கரத்தின் விட்டத்தையும் நம் ஊர்க் காற்றின் வேகத்தையும் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் அச்சிடப்படும் வாட் பெரும்பாலும் வினாடிக்கு 10 மீட்டருக்கு மேற்பட்ட காற்றுக்கு உரியது. நம் தாமான் வீட்டு வாசலில் அந்தக் காற்று வந்தால் காயப்போட்ட துணி கொடியில் நிற்காது.

மின்னாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

இவ்வளவு சிறிய திறனை எடுக்க எதைப் பூட்டுவது என்பதே அடுத்த கேள்வி. இங்கேதான் பலருடைய முயற்சி நின்றுபோகிறது. பொம்மைக் காரிலிருந்து கழற்றிய சிறு மோட்டாரைப் பூட்டுவார்கள். சக்கரம் அழகாகச் சுற்றும். விளக்கு எரியாது.

காரணம் வேகம். பல இதழ்ச் சக்கரத்தின் விளிம்பு ஏறத்தாழக் காற்றின் வேகத்திலேயே ஓடும். 3 மீட்டர் காற்றில் நம் சக்கரம் நிமிடத்துக்கு 95 சுற்று மட்டுமே சுற்றும். 12 வோல்ட்டில் 3,000 சுற்று ஓடும் ஒரு மோட்டாரை 95 சுற்றில் திருப்பினால் 0.4 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். அது ஒரு டையோடைத் தாண்டவே போதாது. பற்சக்கரம் வைத்து வேகத்தை ஐந்து மடங்காக்கலாமே என்று தோன்றும். ஆனால் அப்போது சக்கரம் கொடுக்க வேண்டிய முறுக்குவிசையும் ஐந்து மடங்காகும். மெல்லிய காற்றில் சக்கரம் அசையவே அசையாது.

என் அனுபவத்தில் இதற்கு ஏற்றது ஸ்டெப்பர் மோட்டார். பழைய அச்சுப்பொறி, நகல் இயந்திரம் ஆகியவற்றில் காகிதத்தை நகர்த்தும் மோட்டார் இது. பழைய மின்சாதனங்களைப் பிரித்து விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இதன் அச்சு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உள்ளே மின்னழுத்தம் 50 முறை ஏறி இறங்கும். ஆகவே மெதுவாகச் சுற்றினாலும் பயன்படும் அளவுக்கு வோல்ட் வரும். கம்பிச் சுருளின் மின்தடை 30 ஓம் அளவில் உள்ள சிறிய வகையானால் 95 சுற்றிலேயே 4 வோல்ட் உச்சத்தை எட்டலாம்.

ஆனால் பெரிய மோட்டாராகப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. மின்சாரம் இல்லாதபோதும் ஸ்டெப்பர் மோட்டாரின் காந்தம் அச்சை இழுத்துப் பிடிக்கும். விரலால் திருப்பினால் கடகடவென்று தட்டுப்படுவது அதுதான். 2 மீட்டர் காற்றில் நம் சக்கரம் தரும் முறுக்குவிசை 0.024 நியூட்டன் மீட்டர் அளவே. மோட்டாரின் பிடி அதைவிட அதிகமானால் காற்றாலை சிலையாக நிற்கும். முகப்பு 42 மில்லிமீட்டர் சதுரமுள்ள சிறிய வகையே போதும். மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவில் பொருத்தும் டைனமோவும் மெதுவான சுழற்சிக்கு ஏற்றதுதான். ஆனால் முழுச் சுமையில் அதைச் சுழற்ற நம் சக்கரம் தருவதைப்போல் பத்து மடங்கு முறுக்குவிசை வேண்டும். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சக்கரம் வைத்திருப்போர் அதை முயலலாம்.

பூட்டுவதற்கு முன் சக்கரத்தின் அச்சையும் கவனிக்க வேண்டும். அலங்காரக் காற்றாலைகளில் பெரும்பாலும் குழாய்க்குள் கம்பி உராய்ந்து சுற்றும். மழையில் துருவும் பிடிக்கும். அங்கே இரண்டு சிறிய பால் பேரிங்குகளைப் பொருத்திக் கிரீஸ் இட்டால், செலவிட்ட பணத்துக்கு அதைவிடப் பெரிய பலன் வேறெதிலும் இல்லை.

சேமிப்பும் விளக்கும்

ஸ்டெப்பர் மோட்டாரில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு டையோடுகள் கொண்ட பாலச்சுற்று ஒன்று வேண்டும். இங்கே சாதாரண சிலிக்கன் டையோடைப் பயன்படுத்தினால் இரண்டு டையோடுகளைக் கடப்பதற்குள் 1.4 வோல்ட் போய்விடும். ஷாட்கி வகையானால் 0.6 வோல்ட்டோடு தப்பலாம். 3, 4 வோல்ட் மட்டுமே கிடைக்கும் இடத்தில் இந்த வேறுபாடு பெரிது. இரண்டு பாலச்சுற்றுகளின் வெளிவாய்களையும் ஒன்றாக இணைத்து, மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தில் சேமிக்கலாம். காற்று நின்றபோது மின்கலம் திரும்பவும் மோட்டாருக்குள் வடிந்துவிடாமல் அதே டையோடுகள் தடுத்துக்கொள்ளும்.

விளக்குக்குப் புதிதாகச் சுற்று எதையும் அமைக்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் சூரிய ஒளித் தோட்ட விளக்கு ஒன்றை வாங்கினால் அதற்குள் 1.2 வோல்ட் மின்கலம், மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று, எல்இடி மூன்றும் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சூரியத் தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காற்றாலைக் கம்பியை இணைத்தால், இரவில் காற்றடிக்கும் போதெல்லாம் விளக்கு அணைந்துவிடும். தகட்டிலிருந்து மின்னழுத்தம் வந்தால் பகல் என்றும், வராவிட்டால் இரவு என்றும் புரிந்துகொள்ளும்படி அந்தச் சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தகட்டை அப்படியே விட்டுவிட்டு, காற்றாலையின் பாலச்சுற்றை நேரடியாக மின்கலத்தின் இரு முனைகளில் இணைக்க வேண்டும். தகடு பகலைப் பார்த்துக்கொள்ளும். காற்றாலை மழைநாளையும் இரவையும் பார்த்துக்கொள்ளும்.

இனிக் கணக்கைச் சரிபார்ப்போம். சராசரி 0.1 வாட் என்றால் ஒரு நாளைக்கு 2.4 வாட் மணி. மின்கலத்திலும் சுற்றிலும் பாதி போனாலும் 1.2 வாட் மணி மிஞ்சும். ஓர் எல்இடி 0.06 வாட் எடுத்து 12 மணி நேரம் எரிய 0.72 வாட் மணி போதும். ஆக, ஒரு தோட்டக் காற்றாலை ஒரு விளக்கை இரவு முழுவதும் எரிக்கும். இதுதான் அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை.

வோல்ட்டும் வாட்டும்

இத்தகைய ஆய்வுகளில் நான் அடிக்கடி காணும் குழப்பம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மல்டிமீட்டரின் இரு முனைகளை மோட்டாரில் வைத்து, '12 வோல்ட் வருகிறது' என்று மகிழ்ந்து, அதையே ஆய்வின் முடிவாக எழுதிவிடுகிறார்கள். எந்தச் சுமையும் இல்லாதபோது காட்டும் வோல்ட், மூடிய குழாய்க்குள் இருக்கும் நீரின் அழுத்தம் போன்றது. குழாயைத் திறந்தால் எவ்வளவு நீர் கொட்டும் என்பதை அது சொல்லாது.

சரியான முறை எளிது. பாலச்சுற்றின் வெளிவாயில் 100 ஓம் மின்தடையை இணைத்து, அதன் இரு முனைகளில் உள்ள வோல்ட்டை அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். 2 வோல்ட் காட்டினால் திறன் 0.04 வாட். 50, 200 ஓம் என்று மாற்றிப் பார்த்து, எந்தச் சுமையில் அதிகத் திறன் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம். கையடக்கக் காற்றுவேகமானி ஒன்று இருந்தால் வேகத்தையும் திறனையும் வரைபடத்தில் இட்டு, முப்படி விதியைத் தம் கண்ணாலேயே காணலாம். திறன் என்பது ஒரு நொடியில் நடக்கும் வேலையின் அளவு, ஆற்றல் என்பது சேர்ந்த மொத்தம். இவ்விரு சொற்களையும் நாம் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதிவருகிறோம். இந்தச் சிறு ஆய்வு அந்த வேறுபாட்டை மனத்தில் ஆழப் பதிய வைக்கும்.

பாதுகாப்பு

சிறியதுதானே என்று அலட்சியம் கூடாது. மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் விடியற்காலையில் தாக்கும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டக்கூடும். அப்போது நம் சக்கரத்தின்மீது விழும் தள்ளுவிசை 6 கிலோ எடைக்கு மேல். சட்டத்தின் கால்களைச் சிமென்டில் பதிக்க வேண்டும், அல்லது காற்று வருமுன் சக்கரத்தைக் கட்டிவிட வேண்டும். இடி மின்னல் மிகுந்த நாடு இது என்பதால் உயரம் வேண்டி நீண்ட இரும்புக் குழாயில் ஏற்றுவதும் தவறு. அடுக்குமாடி வீடுகளில் சன்னலுக்கு வெளியே பொருத்தவே கூடாது. எக்காரணத்தைக் கொண்டும் இதை வீட்டு மின் இணைப்போடு சேர்க்கக் கூடாது.

முடிவாக

இதே விளக்கைச் சூரியத் தகடு மட்டுமே எரித்துவிடாதா என்று கேட்கலாம். எரித்துவிடும். 10 சென்டிமீட்டர் சதுரத் தகடு ஒன்று, நாளைக்கு 4 மணி நேர நல்ல வெயிலில் 6 வாட் மணி தரும். நம் காற்றாலை தருவதைப்போல் அது இரு மடங்குக்கு மேல். மலிவான மின்சாரம் மட்டுமே நோக்கமானால் தகடே போதும்.

ஆனால் தகட்டுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றாலையில் காற்று, சக்கரம், காந்தம், கம்பி, மின்கலம், விளக்கு என ஒவ்வொரு படியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்களின் அறிவியல் விழாவுக்கு வழிகாட்டச் செல்லும் நம் கழக உறுப்பினர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. ஆறாம் ஆண்டு மாணவன் கையால் சக்கரத்தைச் சுற்றினால் எல்இடி ஒளிரும். ஐந்தாறு மாணவர்கள் சேர்ந்தால் ஒரு வாரக் காற்றையும் வோல்ட்டையும் அட்டவணையிட்டுவிடலாம். பல்கலைக்கழக மாணவர் எனில் இதழைச் சற்று வளைத்தும், எண்ணிக்கையைக் குறைத்தும், 5 விழுக்காட்டை 10 ஆக்க முடியுமா என்று பார்க்கலாம். அதுவே ஒரு முழு ஆய்வுத் திட்டத்துக்குப் போதும்.

'காற்றிலிருந்து இலவச மின்சாரம்' என்று தலைப்பிட்டு ஆய்வைத் தொடங்குகிறவர், முடிவில் 0.06 வாட்டைக் கண்டு வெட்கப்பட்டு எண்ணை மறைக்கப் பார்ப்பார். 'ஒரு விளக்குக்கு வேண்டிய மின்சாரம்' என்று தொடங்குகிறவர் அதே 0.06 வாட்டைப் பெருமையோடு எழுதுவார். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், ஓர் அளவுநாடாவை எடுத்துச் சக்கரத்தின் விட்டத்தை அளப்பதிலிருந்து தொடங்குங்கள்.